மீசோச் சொதியும் மாசிப் போத்தலும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சமையல் கேள்வியாகத்தான் என்னிடம் வந்தது. புளிக்கவைத்த சோயா விழுதான மீசோ, பாலும் முட்டையும்கூடத் தொடாத வீகன்காரருக்கு ஆகுமா? ஆகும். சோயா, அரிசி, உப்பு, புளிக்கவைக்கும் பூஞ்சணம், அவ்வளவுதான். (சிலவற்றில் மீன்சாறு சேர்ப்பார்கள், லேபிளைப் படித்துப் பார்க்க வேண்டும்.) பதில் முடிந்துவிட்டது. ஆனால் கேள்வியோடு பீற்றிஸ் என்றொருத்தியும் மனதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

2

வாவியின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்த அந்த

வேண்டாம். வாவியில் தொடங்கினால் எனக்கே கொட்டாவி வரும்.

எங்கள் ஊர்த் தாண்டவன்வெளியில் பீற்றிஸின் குசினி. பதினொரு வருஷத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து தம்பி ஜொய்சன் வந்திருக்கிறான். அம்மாவின் அடக்கத்துக்கும் வரமுடியாமற்போனவன். பெட்டியிலிருந்து மீசோவை எடுத்து நீட்டினான்.

"அக்கா, நான் இப்ப வீகன்கா. இதில சொதி வைச்சுத் தாறியா?"

அவள் முகர்ந்து பார்த்தாள். "புளிச்ச மணமா இரிக்கி! பூச்சி கீச்சி இரிக்காதா? உனக்கு ஆகுமா?"

"தோசைமாவும் புளிக்கிறதுதானே. இது சோயாதான்கா."

பீற்றிஸுக்குத் தெரிந்த விரதம் தவக்காலத்து வெள்ளிக்கிழமைதான்: இறைச்சி கூடாது, மீன் கூடும். அந்த நினைப்பில் தேங்காய்ப்பாலில் மீசோவைக் கரைத்தாள். அம்மா போடுவதுபோலவே ஒரு சிட்டிகை மாசித்தூளும் தூவி இறக்கினாள். (மாசி, காயவைத்த சூரைமீன். எங்கள் ஊர்க்காரர் மன்னிக்க, இது மற்றவர்களுக்காக.)

3

முதல் வாயிலேயே ஜொய்சனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அம்மாட சொதிகா! அவ போன நாளில இருந்து ஒரு மீன்முள்ளும் வாயில வைக்கல்ல. மீன் இல்லாம இந்த ருசி வருமெண்டு தெரியாமப்போச்சே!"

பீற்றிஸின் கையில் கரண்டி நின்றுவிட்டது. சொன்னால், இப்போதுதான் திரும்பி வந்த அம்மா மறுபடியும் போய்விடுவாள். சொல்லாவிட்டால், தன்னை நம்பித் தின்னும் தம்பியை ஏமாற்றுகிறாள்.

4

முடிவு ஒன்று: சொல்கிறாள், அவன் கை கழுவுகிறான். எழுதி அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: மறைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்கிறாள். சுவாமி சிரித்து

இதைப் பகிடியாக்கப் பார்த்தேன். மனம் வரவில்லை. எனக்கும் அம்மா இல்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்துகா." கோப்பையை நீட்டுகிறான்.

முதல் வரைவில் மாசிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்திருந்தேன். இப்போது எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டேன், அவன் தலையைத் திருப்பினால் தெரியும் இடத்தில். என்னால் ஆனது அவ்வளவுதான். பீற்றிஸ் போத்தலைப் பார்க்கிறாள், பிறகு உங்களைப் பார்க்கிறாள். வாய் திறப்பதா, போத்தலை மறைப்பதா, நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். கெதியாகச் சொல்லுங்கள், தம்பியின் கோப்பை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது.