பெரிய மாலை

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்கு இரண்டு கார்களும் கள்ளக்குறிச்சியை விட்டுக் கிளம்பின.

முன்னால் அரங்கநாதனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, கூரை கிடையாது. புதுச்சேரியை விட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் அவன் அப்பா வாங்கியது. பின்னால் அவன் மனைவி செவ்வந்தியின் மாருதி. வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். மலை பஸ்ஸில் பலாப்பழத்துக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவே ஒற்றைக் காலில் நின்று போன காலம் அந்த மாருதியோடு முடிந்திருந்தது.

அதை விற்றுச் சிவப்புக் காருக்குச் சாமான் வாங்கலாம் என்றான் அரங்கநாதன். அவள் பேசிப் பார்த்தாள். பேசாமலும் இருந்து பார்த்தாள். கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது இதுதான்: வெள்ளிமலை ஏற முடியாமல் எது நிற்கிறதோ, அதை விற்பது.

பூசையில் மாருதிக்கு ஒரு முழம் சாமந்தி போதும் என்றுவிட்டான். அது அன்றாடம் புழங்கும் வீட்டுக் குடம் மாதிரியாம். அப்பாவின் காருக்கு மட்டும் மாப்பிள்ளை மாலை. சாமந்தி, சம்பங்கி, இடையிடையே மாவிலை. முகப்புக் கம்பிகள் மாலைக்குள் மறைந்தே போயின.

கச்சிராயபாளையம் வரை சிவப்புக் கார் பறந்தது. கோமுகி அணை தாண்டியதும் கண்ணிலேயே படவில்லை. செவ்வந்தி இரண்டாவது கியரில் முக்கி முக்கி ஏறினாள். தோற்றுப் போய் மறுபடி பஸ்ஸின் கம்பியைப் பிடித்து நிற்பது போலிருந்தது.

பாதி மலையில் ஒரு வளைவில் சிவப்புக் கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. செவ்வந்தி ஓரங்கட்டி இறங்கினாள். மூக்கன் என்ற மலைக்காரர் சாமை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதைச் சுற்றி வந்தார்.

"இதுல படுத்துக்கினுதான் ஓட்டுவீங்களா சார்?"

அரங்கநாதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். இரண்டு தரம் தண்ணீர் ஊற்றியும் கொதிக்கிறது என்றான்.

"வுடு செவ்வந்தி. இத்த கட்டிக்கினு மாரடிக்க முடியாது. வித்துடலாம்."

அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது. ஆள் வந்து காரை எடுக்கும்வரை பார்த்துக்கொள்வதாக மூக்கன் சொன்னார். அரங்கநாதன் மாருதியில் போய் உட்கார்ந்தான்.

பூசையில் போட்ட மாலை கொதிப்பில் கிடக்கக் கூடாது என்று அதை அவிழ்க்கப் போனாள். பூ வெந்திருந்தது. மாலை கையோடு வந்ததும், மலைக்காற்று கம்பிகளுக்குள் புகுந்தது. கிளம்பியதிலிருந்து அதுவரை எஞ்சினுக்குக் காற்று போக வழியே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. காரில் ஒரு குறையும் இல்லை.

மாலையைச் சாலையோரத்து முனியப்பன் கல்லுக்குச் சாத்திக் கும்பிட்டாள். வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மாருதி நிற்காமல் ஏறியது. அரங்கநாதன் சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டினான். இடுப்புக்கு இதமாக இருக்கிறது என்று அவனே சொன்னான்.

அடுத்த வளைவில் அவள் பக்கம் திரும்பினான்.

"நேத்து வரிக்கும் நல்லாத்தான ஓடிச்சி. இன்னா ஆயிருக்கும், செவ்வந்தி?"