சீற் பிடிக்க வைத்த புட்டுப் பார்சல்

தர்மினிக்கு அன்று கம்பஸில் சோதனை. படித்ததெல்லாம் தலையில் இருந்தது. பயமெல்லாம் காலி வீதி பஸ்ஸில் இருந்தது. வெள்ளவத்தையில் ஏறும் பெட்டைக்குச் சீற் கிடைத்தால் தப்பினாள்; கிடைக்காவிட்டால் கொழும்பில் உள்ள முழங்கைகளுக்கெல்லாம் அவள் பொதுச்சொத்து. அதிலும் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் இருந்தார். பஸ் முழுக்க இடமிருந்தாலும் அவருக்கு இவளுடைய தோளோடுதான் நிற்க வரும். அவள் தங்கியிருந்த வீட்டு றஞ்சிதம் மாமி ஊசி ஒன்றைக் கொடுத்து, "கூச்சப்படாமல் குத்து பிள்ளை" என்றார். குத்தினாள். மனிதர் இவளையே முறைத்தார். வெட்கங்கெட்ட பிறவி.

அன்று அதிசயமாக யன்னலோரச் சீற் கிடைத்தது. பம்பலப்பிட்டி செக் பொயின்றில் வழக்கம்போல எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையை, அதுதான் ஐசியை, காட்டி, நடந்து போய், அந்தப் பக்கத்தில் திரும்ப ஏற வேண்டும். முந்தி ஏறினவருக்குத்தான் சீற். இங்கேதான் தர்மினியின் யாழ்ப்பாணப் புத்தி வேலை செய்தது. ஊரில் மினிபஸ் யன்னலுக்குள்ளால் ஒரு கைலேஞ்சியைப் போட்டுவிட்டால் அந்த இடம் உறுதி எழுதின காணி மாதிரி. கைலேஞ்சி அன்று இல்லை. மாமி வாழையிலையில் சுற்றி, பேப்பரில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டிய புட்டுப் பார்சலைச் சீற்றில் வைத்துவிட்டு இறங்கினாள். குண்டுக்குப் பயந்து ஊரே நடுங்கிய காலத்தில், ஆளில்லாத சீற்றில், நூல் கட்டின பார்சல். படித்த பிள்ளைதான், என்ன செய்வது.

பெண்களைச் சோதிக்க ஒருத்திதான் நின்றாள்; ஆம்பிளையள் முந்திவிட்டார்கள். தர்மினி திரும்பி ஏறியபோது அவளுடைய சீற்றில் மூக்குக்கண்ணாடிக்காரர் இருந்தார், மடியில் பார்சல். பின்னாலேயே ஏறிய சிப்பாய் அது யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். மனிதர் அப்போதுதான் மடியைக் குனிந்து பார்த்தார். தனதில்லை என்று சொல்ல வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். மற்றவர்கள் விழுந்தடித்து இறங்கினார்கள்.

தர்மினி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இரண்டு வருட முழங்கைக்கு அன்றே தீர்ப்பு. அந்த நினைப்பு இனித்தது, பொய் சொல்லக்கூடாது. வாயைத் திறந்தாலோ யாழ்ப்பாண ஐசிக்குப் பொலிஸ் ஸ்ரேஷன்தான், சோதனையும் போய்விடும். ஆனால் மனிதரின் உதடு சின்னப்பிள்ளையின் உதடு போலத் துடித்தது. அவளுக்குப் பார்க்க முடியவில்லை.

"மகே" என்றாள். என்னுடையது.

சிப்பாய் ஐசியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். றோட்டில் நிற்க வைத்துப் பார்சலை அவிழ்க்கச் சொன்னான். பிறகு ஒரே சொல்: "கன்ன."

சாப்பிட்டாள். ஒரு வாய் போதவில்லை. சம்பலையும் சாப்பிடச் சொன்னான். மாமியின் சம்பல் உறைப்பில் கண்ணீர் கொட்டியது. அவள் அழுகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

எல்லாரும் திரும்ப ஏற, பஸ் வெளிக்கிட்டது. மூக்குக்கண்ணாடிக்காரர் சீற்றை விட்டு எழும்பிப் போய் டிரைவரோடு ஒட்டிக்கொண்டார்; யன்னலோரத்தில் அவள் இருந்தாள். சோதனைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு முழங்கை, ஒரு விரல்கூட அவள்மேல் படவில்லை. கேட்ட வரம் கிடைத்துவிட்டது என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

முன்பக்கம் எல்லாரும் நெருக்கிக்கொண்டு நிற்க, அவள் பக்கத்துச் சீற் வெறுமையாகக் கிடந்தது. கைக்குழந்தையோடு தள்ளாடிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, அதில் இருக்கச் சொன்னாள். அந்தப் பெண் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள்.