நடுவில் நின்ற முள்

தவாசம்பு செத்து எழுபது நாள் கழித்துத்தான் அவனுடைய லாரியைப் போலீஸ் திருப்பித் தந்தது. கோபிப் பாலைவனத்துச் சுரங்கத்திலிருந்து நிலக்கரி ஏற்றிப் போனவன். எல்லை தாண்டக் காத்திருக்கும் லாரி வரிசையில் நிற்கும்போது வண்டி சூடேறி நின்றுவிட்டது. வெளியே மைனஸ் முப்பது டிகிரி குளிர். தகர டப்பாவில் கரியைப் பற்றவைத்துக் கேபினைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான். புகை கொன்றுவிட்டது. எப்போதும் கூடவே போகும் மனைவி உயாங்கா, மகளுக்குக் காய்ச்சல் என்று அந்த நடை மட்டும் போகவில்லை.

நல்லவேளை, இன்ஜின் ஜாம் ஆகியிருக்கவில்லை. தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் அலுமினியக் கூடுதான் வெடித்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் முழுக்க ஒழுகியிருந்தது. உயாங்கா புதுக் கூடும் வெப்பச் சென்சாரும் வாங்கி வந்து, கொழுந்தன் பத்செங்கேலை உதவிக்கு அழைத்தாள்.

“வித்துடலாம் அண்ணி.”

“வித்துட்டு எதைத் தின்றது? நான் ஓட்டப்போறேன். ஸ்பானரைக் குடு.”

ஒரு போல்ட் துருவேறி அசைய மறுத்தது. வெந்நீர் ஊற்றி, ஸ்பானரில் குழாயை மாட்டி, முழு எடையையும் போட்டுத் திருகினாள். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக் கூட்டைப் பொருத்தினாள்.

பழைய சென்சாரைக் கழற்றப் போனால், அதில் ஒயரே இல்லை. பக்கத்தில் ஒயரில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தாள். டாஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளுக்குப் போகும் ஒயரை ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாக இன்ஜின் உடம்போடு இணைத்திருந்தார்கள். இன்ஜின் எப்படிக் கொதித்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்.

“யார் வேலை இது?”

பத்செங்கேல் தரையைப் பார்த்தான். “அண்ணன்தான். சென்சார் கெட்டுப்போய் முள்ளு சும்மா சும்மா ஏறுச்சாம். ஏறுறப்பல்லாம் நீங்க ‘நிறுத்து நிறுத்து’ன்னு கத்துவீங்களாம். ஒதுங்கினா வரிசையில இடம் போயிடும்ல. ‘முள்ளு நடுவுல நின்னா உங்க அண்ணி நிம்மதியாத் தூங்குவா’ன்னு சொன்னாரு.”

“நீ பாத்துட்டு சும்மா இருந்தியா?”

“நான்தான் சால்டர் வெச்சுக் குடுத்தேன்.”

உயாங்கா டயர்மேல் உட்கார்ந்தாள். முள் ஆடாமல் நிற்பதைப் பார்த்து, “வண்டி திருந்திடுச்சு போல” என்று இலையுதிர் காலத்தில் அவள்தான் சொன்னாள். தவாசம்பு சிரித்தான்.

“நீ போ” என்றாள்.

“அண்ணி, மன்னிச்சு...”

“போடா.”

ரெசிஸ்டரை வெட்டி எறிந்தாள். புதுச் சென்சாரை முறுக்கி ஒயரைச் செருகினாள். கூலன்ட் ஊற்றி வண்டியைக் கிளப்பினாள். முள் மெதுவாக ஏறியது. இருட்டும்வரை பம்பருக்கடியில் குந்திப் பார்த்தாள். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

திங்கட்கிழமை கரி ஏற்றிக்கொண்டு, தனியாகப் போய் வரிசையில் நின்றாள்.