எல்லாம் சுத்தம்

கண் நோய் அந்த ஆய்வகத்தில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. மூன்று பேருக்கும் சேர்த்து இருந்ததே ஒரு மைக்ராஸ்கோப். மாறி மாறி அதிலேயே கண்ணைப் பதித்தால் வேறென்ன ஆகும்? கடைசியாக இளைய டெக்னீஷியனான அவளுக்கும் வந்தது. இமை ஒட்டிப்போய் வீட்டில் கிடந்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது கருவி பளபளவென்று இருந்தது.

"இனிமே கிருமிக்கு இங்க இடமில்ல," என்றார் மூத்த டெக்னீஷியன். எதையும் பாதியில் விடாமல் சுழன்று சுழன்று செய்வதால் அவருக்குப் 'புயல்' என்று பெயர். "தினமும் ப்ளீச்சிங் தண்ணிய ஸ்ப்ரே அடிச்சுக் குளிப்பாட்டிடறேன்."

"லென்ஸ் மேலயுமா சார்?"

"அத மட்டும் விட்டா எப்படி?"

அவளுக்கு என்னவோ உறுத்தியது. ஆனால் மறுபடி கண் வீங்கிவிடுமோ என்ற பயம் வாயை அடைத்துவிட்டது.

அங்கே வருவதெல்லாம் காசநோய்ச் சந்தேகத்தில் வரும் சளி. சாயமேற்றினால் நீலப் பரப்பில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி தெரியும். அந்த நாட்களில் ஒரு குச்சிகூடத் தெரியவில்லை. ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் வெறும் நீலம்.

"ஊருக்கு நல்ல காலம்," என்று புயல் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

வீட்டோடு இருந்த கொழுந்தனின் சளியையும் அவளே கொண்டுவந்து பார்த்தாள். மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தவன், அவள் மகளைத் தூக்காமல் தள்ளித் தள்ளியே போய்க்கொண்டிருந்தான். அதிலும் நீலந்தான்.

"ஒண்ணுமில்ல தம்பி, சாதாரண சளிதான்," என்று போனில் சொன்னாள்.

"அப்பாடா. பாப்பா கிட்ட வந்தாலே பயமா இருந்துச்சு அண்ணி."

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனபோது குழந்தை அவன் தோளில் இருந்தது. அவன் இருமல் மட்டும் நிற்கவில்லை.

அதைக் கேட்கக் கேட்க அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நோய் எப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போகும்? ஒரு நாள் காலை, சரிபார்ப்பதற்கென்றே வைத்திருந்த கண்ணாடித் துண்டை எடுத்தாள். கிருமி இருப்பது உறுதியாகத் தெரிந்த துண்டு அது. அதிலும் எதுவும் தெரியவில்லை.

தன் கண்தான் போய்விட்டதோ என்று முதலில் நினைத்தாள். எதிர்ச் சுவரில் இருந்த பொடி எழுத்துகளைப் படித்துப் பார்த்தாள். தெளிவாகத் தெரிந்தன. பிறகு பெரிதாக்கிக் காட்டும் அடி லென்ஸைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே மூச்சுவிட்டதுபோல வெள்ளையாக ஒரு படலம்.

"துடைச்சாப் போயிடும்ல?" என்றார் புயல்.

"உள்ள இருக்கு சார்."

ரிப்பேர்காரரைப் போனில் பிடித்தார்கள். "கருவி மேல எதையும் அடிக்கவே கூடாது," என்றார் அவர். "துணிய ஸ்பிரிட்ல லேசா ஈரமாக்கி உடம்பையும் கண்ணு வைக்கிற ரப்பரையும் துடைக்கணும். லென்ஸுக்கு, அதுக்குன்னு இருக்கற தாள்தான். நீங்க அடிச்சது இடுக்குல இறங்கி உள்ள அரிச்சிருக்கு. அதுல என்ன பாத்திருந்தாலும் நம்பாதீங்க."

புயல் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் சும்மா உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

பார்த்து முடித்த கண்ணாடித் துண்டுகள் பெட்டியில் இருந்தன. இருவரும் அவற்றைப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வரிசைப்படி பார்க்கத்தான் நினைத்தாள். கை நேராகக் கொழுந்தனுடையதற்குப் போயிற்று. நீலத்தில் சிவப்புக் குச்சிகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன.

வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"மெதுவாப் பேசுங்க அண்ணி," என்றான் அவன். "பாப்பா இப்பத்தான் என் மடியில தூங்கினா. காலையிலேருந்து லேசா இருமிக்கிட்டே இருக்கா."

"அவளக் கட்டில்ல படுக்க வச்சிட்டு ஜன்னலத் திறந்து விடு. நீ வெளிய வந்து உக்காரு. நான் வந்துட்டே இருக்கேன்."

"என்னாச்சு அண்ணி?"

"வந்து சொல்றேன் தம்பி."

பையை எடுக்க உள்ளே போனாள். புயல் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலை நிமிராமல் ஒரு துண்டை எடுத்துத் தனியாக வைத்தார். அதனருகே இன்னொன்றை வைத்தார்.

"இதுலயும் இருக்கும்மா," என்றார். பெட்டியில் இன்னும் பாதிக்குமேல் மீதி இருந்தது.