வெறும் கண்ணாடியில் பச்சை வெளிச்சம்

ஆயுத பூசை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று காலையிலேயே கோகிலவாணி ஆய்வகத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒளிரவே கூடாத ஸ்லைடு மைக்ரோஸ்கோப்பில் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அவளுடைய ஆராய்ச்சி இரத்தத்தின் வெள்ளணுக்களைப் பற்றியது. அவற்றில் ஒரே ஒரு வகையை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்று உண்டு. அதில் ஒரு சாயத்தை ஏற்றியிருப்பார்கள். நீல ஒளி பட்டால் அது பச்சையாக ஒளிரும். ஆன்டிபாடி விடாத இரத்தம் இருட்டாகவே இருக்க வேண்டும்; இப்போது ஒளிர்ந்தது அதுதான்.

பேராசிரியர் பிரபாகர் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரத்தமே தானா ஒளிருதும்மா. இதுல நெசம் எது, பொய் எதுன்னு எப்படிப் பிரிப்ப? ஏற்கனவே ரெண்டு தடவ சொதப்பிருச்சு. சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா வேற தலைப்பு பாத்துக்கலாம்."

இரண்டு வருட உழைப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். பேராசிரியர்களுக்கு அது ரொம்ப எளிது.

சீசாவில் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் ஆன்டிபாடி இருந்தது. ஆனாலும் ஏரியூர்க்காரியான கோகிலவாணிக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. ஸ்லைடு பெட்டியிலிருந்து ஒரு வெறும் கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தாள். அதில் இரத்தமும் இல்லை, ஆன்டிபாடியும் இல்லை. அதுவும் பச்சையாகவே ஒளிர்ந்தது.

"பச்சியப்பண்ணே, இந்த ஸ்லைடு பெட்டிய யாராச்சும் தொட்டாங்களா?"

ஆய்வக உதவியாளர் பச்சியப்பன் பெருமையோடு முன்னால் வந்தார். "நாந்தாங்க. பூசைக்கு மிசினுக்கெல்லாம் பொட்டு வெச்சேன். வருசம் பூரா பாடுபடற கண்ணாடிய மட்டும் சும்மா வுடலாங்களா? ஒவ்வொண்ணா மஞ்சத் தண்ணியில தொடச்சு, காய வெச்சு அடுக்குனேன்."

நீல ஒளியில் மஞ்சளும் பச்சையாக ஒளிரும் என்று அவள் படித்திருந்தாள். நேரத்துக்குத்தான் ஞாபகம் வரவில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ சிரிப்பு. அடக்கவே முடியவில்லை. விஷயம் புரிந்ததும் பச்சியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. காலையில் எடுத்த இரத்தம் தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட எடுத்துக்கங்க."

அவர் இரத்தத்தை எடுத்து, பிரிக்காத பாக்கெட்டிலிருந்து எடுத்த புது ஸ்லைடுகளில் தடவினாள். ஆன்டிபாடி விடாத ஸ்லைடு கும்மிருட்டு. ஒன்றுமே தெரியாததைப் பார்த்து அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மிச்சமிருந்த ஆன்டிபாடியை விட்ட அடுத்த ஸ்லைடில், அந்த இருட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை வளையங்கள், துல்லியமாக.

பச்சியப்பனும் பார்த்தார். "இதெல்லாம் என்னுதுங்களா? எங்கூட்டுக்காரி என்னைய சோம்பேறிங்கறா. உள்ள இத்தன பேரு வேல பாக்கறாங்களே."

நாலு மணிக்குப் பிரபாகர் புதிய தலைப்புகள் எழுதிய தாளோடு வந்தார். இரண்டு ஸ்லைடுகளையும் குனிந்து பார்த்தார். ஒன்றை மாற்றி ஒன்றை மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"யாரு ரத்தம்மா இது?"

"என்னுதுங்க சார்" என்றார் பச்சியப்பன், நெஞ்சை நிமிர்த்தி.

பிரபாகர் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "ஆன்டிபாடிக்கு ஆர்டர் போட்டுரும்மா. இந்தத் தடவ பெரிய சீசாவா வாங்கு."