திங்கட்கிழமை அளவுகள்

"அப்பா, எல்லாத்துக்கும் முன்னாடி என்ன இருந்துச்சு?"

மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. காலுறை மாட்டிக்கொண்டிருந்தவர், "அது யாருக்கும் தெரியாதும்மா" என்றார்.

"அப்ப நீங்க தினமும் வேலைக்குப் போய் என்னதான் பண்றீங்க?"

வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். வானிலிருந்து வரும் அலைகளைக் கேட்கும் ஆய்வுக்கூடத்தில் கருவி காட்டும் அளவுகளைக் குறித்துவைக்கும் அளவாளர் அவர். கடவுள் நம்பிக்கை உள்ளவர். தெரியாததன் முன்னால் கைகூப்பி நிற்பதில் அவருக்கு வெட்கம் இருந்ததில்லை.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவர் இன்னும் அதே ஆய்வுக்கூடத்துக்குத்தான் போய்வருகிறார்.

அங்கே மொட்டைமாடியில், ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வாய் விரிந்த, ஊதுகுழல் வடிவ உலோகக் கொம்பு ஒன்று வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. பிரபஞ்சம் பிறந்த புதிதில் கிளம்பிய அலைகளைப் பிடிப்பதற்காக வைத்தது. அதற்குள் வௌவால்கள் குடியேறிவிட்டன. விரட்டினாலும் திரும்பி வந்தன. அவற்றின் எச்சம் வழிந்து கொம்பின் தொண்டையில் கரும்பிசினாகத் தேங்கும். துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒவ்வொரு திங்கட்கிழமையும் உள்ளே தவழ்ந்துபோய் அதைச் சுரண்டிக் கழுவுவார்.

ஒரு நாள் அவர் சொன்னார். "தம்பி, நான் கழுவினா உங்க டப்பா வாயை மூடிக்குது. அழுக்கு சேரச் சேரத்தான் கத்துது."

அளவாளர் பழைய அளவு ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார். உண்மைதான். திங்களன்று கருவி காட்டிய இரைச்சல் இறங்கியது, ஞாயிறு வரை ஏறியது. உடனே இயக்குநரிடம் ஓடினார்.

"கழுவினா ஈரம் இருக்கும். ஈரத்துல எடுத்த அளவு செல்லாது. ஏட்டுல திங்கக்கிழமையை எல்லாம் அடிச்சிடுங்க" என்றார் இயக்குநர்.

"சார், ஒருவேளை அழுக்குதான்..."

"தெரியாதுன்னு எழுதினா யாருய்யா கைதட்டுவா?"

அளவாளர் தன் கையாலேயே ஓராண்டின் திங்கட்கிழமைகளை அடித்தார். மற்ற ஆறு நாள்களின் சராசரியை எடுத்து, அந்த இரைச்சலுக்குப் 'பிரபஞ்சத்தின் முதல் மூச்சு' என்று இயக்குநர் பெயர் வைத்தார். கட்டுரை வெளியானது. இயக்குநர் கழுத்தில் மாலை விழுந்தது. கடவுள் படைத்த முதல் கணத்தை வௌவால் கழிவில் கண்டெடுத்துக் கொண்டாடிய அந்தக் கூட்டத்தில், அளவாளரும் ஓரமாக நின்று கைதட்டினார்.

கட்டுரையைச் சரிபார்க்க வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். விருந்தாளிகள் முகம் சுளிக்கக் கூடாது என்று இயக்குநர் கொம்பைப் பளபளவென்று வைக்கச் சொன்னார். அக்கா இரண்டு நாள் தேய்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடைத்தும் விட்டார்.

கருவியை முடுக்கினார்கள். இரைச்சல் கால்வாசிதான் இருந்தது. முதல் மூச்சைக் காணோம்.

இயக்குநரின் முகம் வெளிறியது. வாசலில் வாளியோடு நின்ற அக்காவின் பக்கம் திரும்பினார். "இந்தம்மா உள்ளே எதையோ உடைச்சிட்டாங்க!"

"துணியைத் தவிர வேற எதுவும் கொண்டுபோகலை சார்."

"வாயை மூடு. நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

அக்கா அளவாளரைப் பார்த்தார். அளவாளர் மேசையைப் பார்த்தார்.

அக்கா வாளியை வைத்துவிட்டுப் போன பிறகு, அளவாளர் குழாயடிக்குப் போய் மூன்று முறை கை கழுவினார். நாற்றம் போகவில்லை. வௌவால் எச்சத்தில் ஒரு வஞ்சகமும் இல்லை. இது வேறு நாற்றம், தன்னுடையது. கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்யப் பார்த்தார். பேசவேண்டிய நேரத்தில் மூடிய வாயை வைத்துக்கொண்டு கடவுளிடம் என்ன பேசுவது?

அடித்த ஏடுகளை எடுத்துக்கொண்டு நேரே விருந்தாளிகளும் இயக்குநரும் இருந்த அறைக்குப் போனார்.

வந்த மூவரில் மூத்தவர் புரட்டிப் பார்த்தார். "திங்கக்கிழமையை மட்டும் ஏன் அடிச்சிருக்கீங்க?"

"அடிக்கச் சொன்னாங்க. நானும் அடிச்சேன்."

"அப்ப இந்த இரைச்சல்?"

"முக்கால்வாசி வௌவால் எச்சம் சார். மிச்சம் என்னன்னு எங்களுக்குத் தெரியாது."

"குழி பறிச்சிட்டியேய்யா!" என்று இயக்குநர் கத்தினார்.

மூத்தவர் அதைக் காதில் வாங்கவில்லை. "இதைக் கவனிச்சது யாரு? நீங்களா?"

"இல்ல சார். இப்ப இவர் வேலையை விட்டு அனுப்பினாரே, அந்த அக்கா."

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். இயக்குநர் நீண்ட விடுப்பில் போனார். அக்காவைக் கூப்பிட்டு மறுபடி வேலை கொடுத்தார்கள். திங்களை அடித்த கைக்கு அளவு ஏடு இனி இல்லை என்று அளவாளரைக் கீழ்த்தளத்துப் பொருள் கிடங்குக்கு மாற்றினார்கள். அது நியாயம் என்றே அவருக்குப் பட்டது.

திரும்பி வந்த அன்று அக்கா கிடங்கு வாசலில் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, இங்கே போட்டுட்டாங்களா? சாப்பிட்டாச்சா?"

அவ்வளவுதான். அளவாளர் மேசையைப் பார்த்த அந்த நொடியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. திட்டியிருந்தால் மனப்பாரம் பாதியாவது தீர்ந்திருக்கும்.

மாடியில் குழாய் கிடையாது. கழுவும் தண்ணீரை அக்காதான் ஐம்பது படி சுமந்து ஏற்றவேண்டும். அடுத்த திங்கட்கிழமை அளவாளர் ஒரு மணி நேரம் முன்னதாக வந்தார். எட்டு வாளித் தண்ணீரைச் சுமந்து மாடித் தொட்டியை நிரப்பினார். படிகளில் சிந்தியதைத் துணியால் துடைத்துக்கொண்டே இறங்கி, கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.