ஜன்னலோரக் கதிரை

குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக மேலே ஏறச் சொன்னாள், கனடாவின் அஜின்கோர்ட் வம்சாவளிச் சங்கத்தில் வகுப்பெடுக்கும் மார்கரெட். தகப்பன் பெயரே கடைசிப் பெயராகிற தர்மினி எங்கே ஏறுவது? அப்பாவோடு பெயர் மாறிவிடும், அப்பப்பாவோடு திரும்பவும் மாறிவிடும். கணினியோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனாள். அந்த எரிச்சல் போதாதென்று, அவளுடைய ஜன்னலோரக் கதிரையை அன்றைக்கும் கூடப் படிக்கும் சுபத்திரா பிடித்துவிட்டாள்.

திடீரென்று தர்மினிக்குப் பொறி தட்டியது. மரண அறிவித்தல்! எங்கள் சனம் அதில் செத்தவரைவிட உறவுக்காரரைப் பற்றித்தானே அதிகம் எழுதும்! அம்மப்பாவின் தம்பி கதிர்காமரின் அறிவித்தலைப் போனில் தேடிப் பிடித்தாள். அவள் உரக்க வாசித்து இங்கிலீசில் சொல்லச் சொல்ல, மார்கரெட் வெண்பலகையில் கோடு கீறினாள். தாய் தகப்பன், சகோதரங்கள், மருமக்கள் என்று பலகையில் இடம் போதவில்லை. வகுப்பே எழும்பி நின்று பார்த்தது; சுபத்திரா மட்டும் கதிரையை விடாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லண்டன் நிரோசன், கனடா சுபத்திரா ஆகியோரின் அன்பு அப்பப்பாவும்..."

"ஐயோ, அது நான்!" என்று ஜன்னலோரத்திலிருந்து சுபத்திரா கூவினாள்.

தர்மினி பலகைக்கு ஓடிக் கோடுகளை விரலால் தொடர்ந்தாள். அவளுடைய அம்மா, அண்ணனின் மகள்; சுபத்திராவின் அப்பா, தம்பி கதிர்காமரின் மகன்.

"அப்ப நீர் எனக்கு மச்சாளெல்லோ!" என்று துள்ளினாள். "இனி உரிமையோடை சொல்லுறன். எழும்பும், உது என்ரை கதிரை!"